ஃபோன் வீடியோவை வைத்து உடல் அசைவின் விசையைக் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் செயல்திட்டத்துக்காகத்தான் இதை ஆரம்பித்தோம். குதிப்பதை, ஓடுவதை, பந்து வீசுவதை ஃபோனில் எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் புள்ளி வைத்து, அதிலிருந்து விசையைக் கணக்குப் போடுவது. அப்புறம் பிள்ளைகளை கிரிக்கெட் கோச்சிங்குக்கு அனுப்பும் அப்பாக்கள் கேட்க ஆரம்பித்தார்கள், நடன ஆசிரியைகள் கேட்டார்கள், காலையில் பூங்காவில் ஓட வருகிறவர்கள்கூட கேட்டார்கள். சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சார், விசைதான் கண்ணுக்கே தெரியாதே, அதை எப்படி வீடியோவுல பார்க்கிறது?

பார்க்க முடியாது. வீடியோவில் இருப்பது ஒரு புள்ளி எங்கே இருந்தது, எப்போது இருந்தது என்பது மட்டும்தான். அடுத்தடுத்த ஃபிரேம்களில் அது எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் திசைவேகம் கிடைக்கும். அந்தத் திசைவேகம் எவ்வளவு மாறியது என்று பார்த்தால் முடுக்கம். முடுக்கத்தை நிறையால் பெருக்கினால் விசை. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட இரண்டாம் விதிதான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆக விசை என்பது நாம் ஊகித்து எடுப்பது, கேமரா அளந்து தருவது அல்ல. இதை மறந்தவர்கள்தான் பின்னால் விநோதமான எண்களோடு வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று, இப்படிக் கிடைப்பது நிகர விசை. ஒருவர் சுவரை முழு பலத்தோடு தள்ளிக்கொண்டு அசையாமல் நின்றால் வீடியோ கணக்கில் விசை பூஜ்யம் என்றுதான் வரும். அவர் சும்மா நிற்பதற்கும் தள்ளிக்கொண்டு நிற்பதற்கும் படத்தில் வித்தியாசம் இல்லை. தரை நம்மை மேலே தள்ளும் விசை வேண்டுமென்றால் மேல்நோக்கிய முடுக்கத்தோடு ஈர்ப்பு முடுக்கத்தையும் கூட்டி நிறையால் பெருக்க வேண்டும். சென்னையில் அது 9.78 மீட்டர்/வினாடி². நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பாடப்புத்தகத்து 9.8-ஐ விட ஒரு இழை குறைவு.

இதுக்கு என்னென்ன வேணும்? பெரிய கேமரா வாங்கணுமா?

வேண்டாம். ஸ்லோ மோஷன் எடுக்கக்கூடிய ஃபோன், அது ஆடாமல் நிற்க ஒரு ஸ்டாண்டு, ஒரு மீட்டர் ஸ்கேல், ஒரு கணினி போதும். மென்பொருளில் டிராக்கர், கினோவியா இரண்டுமே இலவசம். இயற்பியல் கணக்குக்கு டிராக்கர்தான் வசதி, புள்ளி வைத்ததும் வரைபடம் கூடவே வந்துவிடும். விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குக் கோணம் பார்க்க, இரண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட, கினோவியா எளிது. கடைசியாக ஒரு தூக்குக்குண்டு. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதுதான். அதைப் படத்தின் ஓரத்தில் தொங்கவிட்டால் செங்குத்து எது என்று சண்டை போட வேண்டியதில்லை.

கேமராவை எங்க வைக்கணும்? பக்கத்துல வெச்சா நல்லா தெரியுமே?

நல்லா தெரியும், தப்பா தெரியும். அசைவு நடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக, இடுப்பு உயரத்தில், குறைந்தது 5 மீட்டர் தள்ளி வையுங்கள். 8 மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்கேலை ஆளுக்கு முன்னால் 30 செ.மீ. தள்ளி வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கேமரா 3 மீட்டர் தூரத்தில் இருந்தால் எல்லா நீளமும் 10 சதவீதம் குறைவாக வரும். 8 மீட்டர் தூரத்தில் அதே கவனக்குறைவு 4 சதவீதத்தோடு போய்விடும். ஃபோனில் 0.5 என்று ஒரு அகல லென்ஸ் இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள், ஓரங்களில் நேர்கோடு வளைந்துவிடும்.

வெளிச்சம் ரொம்ப முக்கியம். பந்து வீசும் கை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் கை 33 செ.மீ. நீளத்துக்கு இழுத்த சாயமாகத் தெரியும். அதில் மணிக்கட்டு எங்கே என்று யார் சொல்வது? 1/1000 வினாடி என்றால் இழுவை 2 செ.மீ.தான். அதற்கு நல்ல வெயில் வேண்டும், சென்னையில் அதற்குக் குறைவில்லை. காலை எட்டரை மணிக்கு மொட்டை மாடி, பின்னால் வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டிச் சுவர், இதைவிட நல்ல ஸ்டுடியோ எனக்குக் கிடைத்ததில்லை. அறைக்குள் பழைய டியூப் லைட்டில் எடுத்தால் படம் விட்டு விட்டு இருளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது, கண் ஏமாறும், வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் ஏமாறாது.

ஸ்கேல் வைக்க மறந்துட்டேன். வீடியோ வீணா?

அவசியமில்லை. படத்தில் அளவு தெரிந்த பொருள் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம், அதாவது 71.1 செ.மீ. ஸ்டம்ப் வரிசையிலிருந்து பாப்பிங் கிரீஸ் (பேட்ஸ்மேன் நிற்கும் கோடு) 4 அடி, அதாவது 1.22 மீட்டர். ஆனால் அந்தப் பொருள் அசைவு நடந்த அதே தளத்தில் இருக்க வேண்டும். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

முதல்ல எதைப் படம் எடுத்துப் பழகுறது? நேரா ஓடுறதை எடுக்கலாமா?

முதலில் ஒரு கிரிக்கெட் பந்தைக் கீழே போடுங்கள். ஆர்வமாக வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் இதைச் செய்யாத யாருடைய கணக்கையும் நான் பார்ப்பதில்லை. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் சுமார் 0.64 வினாடியில் தரையைத் தொடும். ஃபிரேம் ஃபிரேமாகப் பந்தின் நடுவில் புள்ளி வைத்து, வரும் வளைவுக்கு ஒரு பரவளையம் பொருத்தி, முடுக்கத்தைப் பாருங்கள். 9.78-க்குப் பக்கத்தில், 9.6-லிருந்து 10 வரை வந்தால் உங்கள் ஸ்கேல், கேமரா, நேரம் மூன்றும் சரி. 8.8 வந்தால் ஸ்கேல் பந்தை விடக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் பந்து வேண்டாம், காற்று அதைத் தாங்கும்.

ஒரு மாணவி 0.15 என்ற விடையோடு வந்தாள். நான்கு தடவை மறுபடி க்ளிக் பண்ணியும் 0.15-தான் வருகிறது என்று அழாத குறை. அவளுடைய புள்ளிகளில் ஒரு தவறும் இல்லை. 240 ஃபிரேமில் எடுத்த வீடியோ ஃபோனில் 30 ஃபிரேமாக ஓடுகிறது, மென்பொருளும் அதை 30 என்றே எடுத்துக்கொண்டது. நேரம் 8 மடங்கு நீண்டுவிட்டது. முடுக்கத்தில் நேரம் இரண்டு தடவை வருவதால் விடை 64 மடங்கு சுருங்கிவிட்டது. 9.78-ஐ 64-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 0.15. டிராக்கரில் கிளிப் அமைப்புக்குள் போய் ஃபிரேம் வீதத்தை 240 என்று மாற்றியதும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்தைப் போட்டுப் பார்க்காமல் நேராகக் குதிப்பதை எடுத்திருந்தால் அந்தத் தவறு அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

240 ஃபிரேம்ல எடுத்தா 30-ஐ விட எட்டு மடங்கு துல்லியமா வரும்தானே?

எல்லாரும் தடுக்கி விழுவது இங்கேதான். நேரத்தில் துல்லியம் கூடும். முடுக்கத்தில் கூடாது. அப்படியே விட்டால் பயங்கரமாகக் கெட்டுப்போகும்.

ஏன் என்று பொறுமையாகப் பார்ப்போம். அடுத்தடுத்த மூன்று ஃபிரேமில் மூன்று புள்ளி வைக்கிறீர்கள். முதல் புள்ளியையும் மூன்றாவதையும் கூட்டி, நடுப்புள்ளியின் இரண்டு மடங்கைக் கழித்து, ஃபிரேம் இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம். இப்போது நடுப்புள்ளியை மட்டும் அரை செ.மீ. தள்ளி வைத்துவிட்டீர்கள். இடுப்பில் பேன்ட் சுருக்கத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு அரை செ.மீ. எல்லாம் சர்வ சாதாரணம். 30 ஃபிரேம் வீடியோவில் அந்தத் தவறு முடுக்கத்தில் 9 மீட்டர்/வினாடி² ஆகிறது, கிட்டத்தட்ட ஒரு முழு ஈர்ப்பு முடுக்கம். 240 ஃபிரேமில் அதே அரை செ.மீ. 576 ஆகிறது. இடைவெளி 8 மடங்கு சிறிதானால் பிழை 64 மடங்கு பெரிதாகிறது. அதனால்தான் ஸ்லோ மோஷனில் எடுத்தவர்களின் முடுக்க வரைபடம் மரம் அறுக்கும் ரம்பம் மாதிரி ஏறி இறங்குகிறது. அது அந்த மனிதரின் அசைவு இல்லை, உங்கள் விரல் நடுக்கம்.

தீர்வு, புள்ளிகளை அப்படியே நம்பாமல் மேடு பள்ளத்தைச் சமப்படுத்தி இழைத்து எடுப்பது. பந்து விழுவதற்குப் பரவளையம் பொருத்தினோமே, அதுவும் ஒரு வகை இழைப்புதான். உடல் அசைவுக்குப் பட்டர்வொர்த் வடிகட்டி என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். மெதுவான ஏற்ற இறக்கங்களை விட்டுவிட்டு வேகமான நடுக்கத்தை மட்டும் தடுக்கும். நடைக்கு 6 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 6 தடவைக்கு மேல் ஏறி இறங்குவதைத் தடுக்கும்படி, வைப்பது வழக்கம், ஓட்டத்துக்கு இன்னும் கூட்டுவார்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். கால் தரையில் அறையும் நொடியில் வரும் உண்மையான கூர் முனையையும் வடிகட்டி நடுக்கம் என்று நினைத்துத் தின்றுவிடும். நடன ஆசிரியையின் கேள்வியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

உடம்புல எந்தப் புள்ளியைப் பிடிக்கிறது? தலையா, இடுப்பா?

விசைக் கணக்குக்கு வேண்டியது நிறை மையம். நேராக நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்கு உள்ளே இருக்கும். முதல் முயற்சிக்கு இடுப்பு எலும்பின் பக்கவாட்டு முனையில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். ஆனால் கையை வீசிக் குதித்தால் இடுப்பு ஏமாற்றும். இரண்டு கையும் சேர்ந்து உடல் நிறையில் சுமார் 10 சதவீதம். தொங்கும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் கைகளின் நிறை மையம் 60 செ.மீ. ஏறும், உடலின் நிறை மையம் அதில் பத்தில் ஒரு பங்கு, 6 செ.மீ. ஏறும். இடுப்பு ஸ்டிக்கர் இம்மியும் அசைந்திருக்காது.

சரியாகச் செய்ய வேண்டுமானால் உடலைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். டெம்ப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1955-ல் அமெரிக்காவில் வெளியிட்ட அளவுகளிலிருந்து வந்த பங்கீடு இன்றும் புழங்குகிறது. தலையும் கழுத்தும் 8.1 சதவீதம், நடுவுடல் 49.7, ஒரு தொடை 10, முழங்காலுக்குக் கீழே 4.65, பாதம் 1.45, மேற்கை 2.8, முன்கை 1.6, மணிக்கட்டுக்குக் கீழே 0.6. கை கால்களை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் 100 வரும். இவை இறந்த ஆண்களின் உடல்களை அளந்து வந்தவை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது, தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆடை விஷயம் தனி. 1880-களில் பாரிஸில் மாரே என்பவர் ஆட்களுக்கு முழுக் கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைக் கோடு ஒட்டி, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் படம் எடுத்தார். நாமும் அதைத்தான் செய்கிறோம். இறுக்கமான கறுப்பு டைட்ஸ், மூட்டுகளில் வெள்ளை டேப். வியர்வையில் டேப் உரிந்து வந்துவிடும், ஒட்டுமுன் ஒரு துணியால் துடையுங்கள்.

நான் குதிச்சா எவ்வளவு விசை போடுறேன்னு சொல்ல முடியுமா?

முடியும். ஃபோன் வீடியோவுக்கு மிகவும் பொருத்தமான அளவீடு இதுதான். கால் தரையை விட்ட ஃபிரேம், மறுபடி தொட்ட ஃபிரேம், இரண்டை மட்டும் கண்டுபிடியுங்கள். நடுவில் 120 ஃபிரேம் என்றால், 240 வீதத்தில், காற்றில் இருந்த நேரம் 0.5 வினாடி. அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.78-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் குதித்த உயரம், 30.6 செ.மீ. இங்கே ஃபிரேம் கூடக் கூட நல்லது, ஏனென்றால் முடுக்கமே எடுக்கவில்லை, நேரத்தை மட்டும் எண்ணுகிறோம். 30 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் தவறினால் உயரம் 4 செ.மீ. மாறும், 240-ல் அரை செ.மீ.

அடுத்து, மிகவும் குனிந்த நிலையிலிருந்து கால் விரல் நுனி தரையை விடும் வரை இடுப்பு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 40 செ.மீ. என்று வைப்போம். தரையைத் தள்ளும்போது கால் தசைகள் தந்த ஆற்றல்தான் உங்களை அந்த 40 செ.மீ.யையும் மேலே 30.6 செ.மீ.யையும் ஏற்றியது. எனவே சராசரி விசை, உங்கள் எடையை 70.6-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தது. 60 கிலோ ஆளுக்கு எடை 587 நியூட்டன், விசை சுமார் 1,036 நியூட்டன். எடையைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு. ஒரு எச்சரிக்கை: இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் காற்றில் இருந்த நேரம் பொய்யாக நீளும். போட்டி என்று வந்தால் பிள்ளைகள் எல்லாருமே இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், கால் நீட்டியபடி விரல் நுனியில் இறங்கச் சொல்லுங்கள்.

லேப்ல இருக்கிற ஃபோர்ஸ் பிளேட் காட்டுறதும் இதுவும் ஒண்ணா வருமா?

சராசரிகள் நெருங்கி வரும், உச்சங்கள் வராது. ஃபோர்ஸ் பிளேட் தரையில் பதித்த தட்டு, விசையை நேரடியாக, வினாடிக்கு ஆயிரம் தடவை போல அளக்கும். நாம் இடத்திலிருந்து இரண்டு படி ஏறி விசைக்குப் போகிறோம், ஒவ்வொரு படியிலும் பிழை பெருகுகிறது. மேலே குதிக்கும் கணக்கில் வந்த 1,036 சராசரி, உண்மையான உச்சம் அதற்கு மேல்தான் இருந்திருக்கும்.

குழந்தைங்க தட்டடவு பண்ணும்போது முட்டி வலின்னு சொல்றாங்க. எவ்வளவு விசை வருதுன்னு பார்த்துச் சொல்றீங்களா?

மயிலாப்பூர் பக்கம் பரதநாட்டிய வகுப்பு எடுக்கும் ஒரு ஆசிரியை கேட்டது. தட்டடவு என்பது பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் அடவு. சிமெண்ட் தரை, 12 வயதுப் பிள்ளைகள். இதில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒன்று தட்டும்போது வரும் அடி, இன்னொன்று அரைமண்டியிலேயே, அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையிலேயே, இருக்கும் சுமை.

அடியை எடுத்துக்கொள்வோம். 40 கிலோ பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு சேர்த்து 6.1 சதவீதம், 2.44 கிலோ. பாதம் தரையைத் தொடும் முன் வேகம் வீடியோவில் நன்றாகக் கிடைக்கும். உதாரணத்துக்கு 3 மீட்டர்/வினாடி என்று வைப்போம். உந்தம் 7.3. அது 20 மில்லிவினாடியில் நின்றால் சராசரி விசை 366 நியூட்டன், 10 மில்லிவினாடியில் நின்றால் 732. அந்தப் பிள்ளையின் முழு எடையே 391-தான். தொடையும் சேர்ந்து இறங்குவதால் உண்மை இதற்கு மேலேயே இருக்கும். ஆனால் 10-ஆ 20-ஆ என்று சொல்ல வீடியோவால் முடியாது, 240 ஃபிரேமில்கூட 10 மில்லிவினாடிக்குள் இரண்டு ஃபிரேம்தான் விழும், வடிகட்டி வேறு மிச்சத்தைத் தின்றுவிடும். வீடியோவால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இதுதான்: நிற்க எடுக்கும் நேரம் பாதியானால் அடி இரண்டு மடங்கு. மரத்தளம் கொஞ்சம் கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது.

அரைமண்டியில் அசைவே இல்லை, எனவே முதல் பதிலில் சொன்ன மாதிரி நிகர விசை பூஜ்யம். ஆனால் கோணமும் தூரமும் படத்தில் இருக்கிறது, அது போதும். முன்னாலிருந்து எடுங்கள். ஒவ்வொரு காலிலும் பாதி எடை, 196 நியூட்டன். பாதத்திலிருந்து மேலே போகும் விசைக்கோட்டுக்கும் முழங்காலுக்கும் பக்கவாட்டில் 20 செ.மீ. இருந்தால் திருப்புவிசை 39 நியூட்டன் மீட்டர். அதைத் தாங்கும் தொடைத் தசையின் இழுப்பு முழங்கால் மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளித்தான் செயல்படுகிறது. எனவே தசைநாணில் கிட்டத்தட்ட 980 நியூட்டன், உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு, ஒவ்வொரு காலிலும், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே. ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் தட்டடவை நீளமாக ஓட்டாமல் நடுவில் எழுந்து நிற்க இடைவெளி கொடுக்க ஆரம்பித்தார். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், என் கணக்கு வலிக்குக் காரணம் சொல்லாது.

வேகப்பந்து போடும்போது முன்கால்ல அஞ்சாறு மடங்கு எடை வரும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஃபோர்ஸ் பிளேட் வைத்து அளந்தவர்களுக்கு உடல் எடையைப் போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் வந்திருக்கிறது. அந்த உச்சம் ஃபோனில் கிடைக்காது, காரணம் மேலே தட்டடவில் சொன்னதேதான். கிடைப்பது பிரேக் விசையின் சராசரி. 70 கிலோ பையன் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வந்து, முன்கால் ஊன்றியதிலிருந்து பந்தை விடும் வரை 0.1 வினாடியில் 3 மீட்டருக்குக் குறைகிறான் என்றால் கிடைமட்டச் சராசரி விசை 1,400 நியூட்டன், எடையைப் போல் இரண்டு மடங்கு. முன்னால் போகும் வேகத்தை இடுப்பு ஸ்டிக்கரில் பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் ஒரு நேர்கோடு பொருத்திச் சரிவை எடுங்கள்.

சென்னைக்கும் வேகப்பந்துக்கும் உறவு பழையது. எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் 1987-லிருந்து இங்கே இருக்கிறது, ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லி பல வருடம் வந்து சொல்லிக் கொடுத்தார். ஆனால் தெருமுனை கோச்சிங்கில் 13 வயதுப் பையனை ஒரு நாளைக்கு பத்து ஓவர் போடச் சொல்கிறார்கள். அந்த 1,400-ஐ அறுபதால் பெருக்கிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். பையன் சிறியவன், எண்ணும் சிறியதாகும், அவனுடைய எலும்பும் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

என் பையன் கையை வளைச்சு எறியறான்னு அம்பயர் சொல்லிட்டார். உங்க வீடியோவை வெச்சு 15 டிகிரிக்குள்ளதான்னு நிரூபிக்க முடியுமா?

முடியாது, முயற்சி பண்ணவும் வேண்டாம். மேற்கை கிடைமட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை எத்தனை டிகிரி நிமிர்கிறது என்பதுதான் ஐசிசியின் விதி, 15 வரை அனுமதி. வளைந்திருப்பது குற்றமில்லை, நிமிர்வதுதான் கணக்கு. பந்து வீசும்போது கை ஒரே தளத்தில் சுற்றுவதில்லை, தோளும் முன்கையும் திருகுகின்றன. ஒரே கேமராவில் பார்த்தால் நிரந்தரமாக வளைந்த கை திருகும்போது நிமிர்வது போலவே தெரியும். முத்தையா முரளிதரனுக்கு 1995-ல் மெல்போர்னில் நோ-பால் கொடுத்ததும், பிறகு ஆய்வகத்தில் அவர் கையை அளந்ததும் இந்தக் கண் மயக்கத்தின் கதைதான். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. இதற்குப் பல கேமராக்கள் சுற்றி நின்று முப்பரிமாணத்தில் எடுக்க வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இருக்கிறது, வெளிநாட்டு வீரர்களும் அங்கே வந்து சோதனை செய்திருக்கிறார்கள்.

ஏஐ ஆப் தானாவே மூட்டுகளையெல்லாம் கண்டுபிடிக்குதே, இன்னும் ஏன் க்ளிக் பண்ணிட்டு இருக்கீங்க?

நானும் பயன்படுத்துகிறேன். மீடியாபைப், ஓபன்போஸ் இரண்டும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மூட்டுகளைக் குறித்துத் தரும், மணிக்கணக்கில் மிச்சம். ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓபன்கேப் இரண்டு ஐஃபோன் வைத்து முப்பரிமாணத்துக்கே போகிறது, விசையையும் ஒரு கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டுத் தருகிறது. ஆனால் அவை குறிக்கும் புள்ளியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிக்கும், அரை செ.மீ. 576 ஆன கதை அதற்கும் பொருந்தும். நடனப் பயிற்சிப் புடவையின் விசிறி மடிப்புக்குள் முழங்காலைத் தேடச் சொன்னால் அது எங்கேயோ ஒரு இடத்தில் தைரியமாகப் புள்ளி வைத்துவிடும். அதனால் பத்து ஃபிரேமாவது கையால் க்ளிக் பண்ணி ஒப்பிட்டுவிட்டுத்தான் நம்புகிறேன்.

மெரினா மணல்ல ஓடுறதை எடுக்கலாமா?

ஓடும் கோணங்களைப் பார்க்க எடுக்கலாம். குதித்து விசை கணக்கிட வேண்டாம். பாதம் மணலில் புதைவதால் எந்த ஃபிரேமில் தரையை விட்டது என்றே தெரியாது, கிளம்பும் மட்டமும் இறங்கும் மட்டமும் வேறு வேறு.

நடக்கும்போது வலது கால்ல எவ்வளவு, இடது கால்ல எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா?

ஒரு கால் மட்டும் தரையில் இருக்கும்போது முடியும், தரை தரும் மொத்த விசையும் அந்தக் காலில்தான். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் இருக்கும் இடைவேளையில் முடியாது. நிறை மையத்தின் முடுக்கம் மொத்தத்தைத்தான் சொல்லும், பங்கு பிரிக்காது. அரைமண்டியில் நான் பாதிப் பாதி என்று எடுத்துக்கொண்டதும் ஊகம்தான், ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும் பிள்ளைக்கு அது பொருந்தாது. இடுப்பு ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எக்செல்ல 1036.4871 நியூட்டன்னு வருது. அப்படியே ரிப்போர்ட்ல போடலாமா?

போடாதீர்கள். அந்த 40 செ.மீ. உண்மையில் 38-ஆகவோ 42-ஆகவோ இருக்கலாம். 38 வைத்துக் கணக்கிட்டால் 1,060, 42 வைத்தால் 1,015. அப்புறம் எதற்கு நான்கு தசம இலக்கம்? ஒரே வீடியோவை இரண்டு பேர், ஒருவர் திரையை ஒருவர் பார்க்காமல், தனித்தனியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். என் வகுப்பில் கடைசியாகச் செய்தபோது ஒருவருக்கு 1,020, இன்னொருவருக்கு 1,070. இருவரும் உட்கார்ந்து எந்த ஃபிரேமில் பிரிந்தோம் என்று தேடினார்கள். ஒருவர் குதிகால் எழுந்ததையும் இன்னொருவர் கட்டைவிரல் நுனி எழுந்ததையும் கிளம்பும் ஃபிரேமாக எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் அந்த இரண்டு ஃபிரேமின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி எழுதி, விடையைச் சுமார் 1,050 என்று போட்டார்கள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.